எண்டர்பிரைஸில் சிரிப்புச் சத்தம்: ஸ்டார் ட்ரெக் ரசிகர் பகடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஸ்டார் ட்ரெக் பார்த்ததே இல்லை. இதைப் படிக்கலாமா?

தாராளமாக. தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்த தொடர் இது. எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பல் வாரம் ஒரு கிரகத்துக்குப் போய் வாரம் ஒரு வம்பில் மாட்டும். கேப்டன் கிர்க் சட்டென்று உணர்ச்சிவசப்படுவார். கூரான காதுள்ள ஸ்பாக் உணர்ச்சியைக் காட்டவே மாட்டார். டாக்டர் மெக்காய் இருவரையும் திட்டுவார். இன்ஜினியர் ஸ்காட்டி, ‘இன்ஜின் தாங்காது’ என்று புலம்பிக்கொண்டே தாங்க வைப்பார். மூன்று சீசன், 79 எபிசோடு ஓடி 1969-ல் தொடரை நிறுத்திவிட்டார்கள். மறுஒளிபரப்பில்தான் ரசிகர் கூட்டம் பெருகியது. 1987-ல் கேப்டன் பிக்கார்டை வைத்து ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அடுத்த தொடர் வந்து ஏழு சீசன் ஓடியது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், கீழே வரும் கேலியெல்லாம் புரிந்துவிடும்.

உயிராக நேசிக்கும் தொடரை ரசிகர்களே ஏன் கிண்டல் செய்கிறார்கள்?

கிண்டலுக்கான சரக்கு தொடருக்குள்ளேயே கொட்டிக் கிடக்கிறது. முதன்முதலில் ஒளிபரப்பான ‘தி மேன் ட்ராப்’ எபிசோடில், மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் பிராணி ஒன்று வரும். கதைக்கு உப்பு ஜாடி வேண்டும். வருங்காலக் கதை அல்லவா, ஜாடியும் புதுமாதிரி இருக்கட்டும் என்று வினோதமான வடிவங்களில் சிலவற்றை வாங்கி வந்தார்கள். வாங்கிய பிறகுதான், பார்க்கிறவர்களுக்கு அது உப்பு ஜாடி என்றே தெரியாதே என்று தோன்றியது. கடைசியில் ஸ்டுடியோ சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த சாதாரண ஜாடியை வைத்துக் காட்சியை முடித்தார்கள். வாங்கியதை வீணாக்குவானேன்? அந்த வினோத ஜாடிகள் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளாகிவிட்டன. அவரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, நோயாளியின் மேல் உப்பு ஜாடியைக் காட்டி வைத்தியம் பார்த்தார்.

இன்னொரு எபிசோடில், வேற்றுக் கிரகப் பிராணி என்று சொல்லி ஒரு குட்டி நாய்க்குக் கம்பளி உடையும் தலையில் கொம்பும் மாட்டிவிட்டார்கள். ஆட்களைக் கரைத்து ஒளியாக்கி கிரகத்தில் இறக்கும் டிரான்ஸ்போர்ட்டர் இருக்கிறதே, அதுகூட வாராவாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டுவதற்குக் காசு இல்லாததால் வந்த யோசனைதான்.

இவ்வளவு கைநெருக்கடியிலும் நடிகர்கள் ஒருவரும் சிரித்துக்கொண்டு நடிக்கவில்லை. இனவெறி, போர், மனிதத்தன்மை என்று பெரிய பெரிய விஷயங்களை அந்தப் பொய்ப் பாறைகளுக்கு நடுவே நின்று உயிரைக் கொடுத்துப் பேசினார்கள். அந்த நேர்மையும் அந்தப் பொய்ப் பாறையும் ஒரே காட்சியில் தெரியும்போது சிரிப்பும் வருகிறது, பாசமும் வருகிறது. ரசிகர்களின் கேலி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் கேலி செய்தவர்கள் யார்?

அச்சில் முந்திக்கொண்டது ‘மேட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகை. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1967 டிசம்பர் இதழில் படக்கதையாக ஒரு பகடி போட்டார்கள். 1976-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜான் பெலூஷி கேப்டன் கிர்க் வேடம் கட்டினார். தொலைக்காட்சி நிறுவனமே விண்கப்பலைத் துரத்திவந்து தொடரை ரத்து செய்வதுதான் அந்த நாடகத்தின் கதை.

ஆனால் இவர்களெல்லாம் தொழில்முறைக் கேலிக்காரர்கள். ரசிகர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டது வேறு இடத்தில், கையால் தட்டச்சு செய்து நகலெடுத்த சிறுபத்திரிகைகளில். முதல் ஸ்டார் ட்ரெக் ரசிகர் பத்திரிகையான ‘ஸ்பாக்கனேலியா’ 1967-ல் வந்தது. அப்புறம் இவை பெருகின. எழுதியவர்களிலும் பதிப்பித்தவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். இந்த உலகத்திலிருந்து வந்த ஒரு பக்கக் கேலிக்கதை, இன்று ஸ்டார் ட்ரெக் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள் வாயிலும் புழங்குகிறது.

‘மேரி சூ’வைச் சொல்கிறீர்களா?

அவளைத்தான். அந்தக் காலத்து ரசிகர் பத்திரிகைகளுக்கு வந்த கதைகளில் ஒரு பொது அச்சு உண்டு. எண்டர்பிரைஸுக்குப் புதிதாக ஓர் இளம்பெண் வந்து சேர்வாள். அழகி, மேதை, எல்லோருக்கும் செல்லம். எழுதுகிறவரே கதைக்குள் புகுந்து கப்பலில் ஏறிக்கொள்ளும் ஆசை அது. ‘மெனாஜரி’ என்ற பத்திரிகையை நடத்திய ஆசிரியர்களில் ஒருவரான பாலா ஸ்மித்துக்கு இந்தக் கதைகளைப் படித்துப் படித்துத் தாங்கவில்லை. 1973-ல் தானே ஒன்றை எழுதிப் போட்டுவிட்டார்.

அதன் நாயகி மேரி சூ. விண்படையிலேயே இளைய லெப்டினன்ட். வயது பதினைந்தரை. (அந்த ‘அரை’தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.) பார்த்த மாத்திரத்தில் கேப்டன் கிர்க் காதலைச் சொல்கிறார். அவள் மறுத்ததும் மதித்து ஒதுங்கி, ‘காபி வாங்கி வருகிறேன், அதுவரை கப்பலைப் பார்த்துக்கொள்’ என்று போய்விடுகிறார். ஸ்பாக் வந்து, ‘ஏன் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்?’ என்கிறார். கேப்டன் சொன்னார் என்கிறாள். என்ன ஒரு தர்க்கம் என்று ஸ்பாக் அசந்துபோகிறார். அடுத்த பத்தியில் எல்லோரும் சிறைப்படுகிறார்கள், மேரி சூ கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிறாள். அதற்கடுத்து முக்கிய அதிகாரிகள் நோயில் விழ, ஒற்றை ஆளாகக் கப்பலை ஓட்டி நோபல் அமைதிப் பரிசும் வாங்குகிறாள். கடைசியில் அதே நோய் அவளையும் பிடிக்கிறது. கிர்க், ஸ்பாக், மெக்காய், ஸ்காட்டி நால்வரும் கட்டிலைச் சுற்றி நின்று கதறக் கதறச் செத்துப்போகிறாள். அவள் பிறந்தநாள் இன்றும் எண்டர்பிரைஸில் விடுமுறை.

மொத்தமே ஒரு பக்கம்தான். அந்த வகைக் கதைகள் நாற்பது பக்கத்தில் மெல்ல மெல்லச் செய்வதை இது வரிக்கு ஒன்றாகச் செய்துமுடிக்கிறது. நக்கலான பின்குறிப்பு எதுவும் கிடையாது. சாமானியமாகக் கதை சொல்லும் தொனியிலேயே ஆரம்பித்து முடிகிறது. பகடி எழுத ஆசைப்படுகிறவர்கள் ஒருமுறை இதைத் தேடிப் படிக்கலாம்.

அந்தப் பெயர் பிற்காலத்தில் பட்ட பாடு தனிக்கதை. எந்தப் படத்திலாவது ஒரு பெண் கதாபாத்திரம் கொஞ்சம் திறமையாகச் சண்டை போட்டாலே ‘மேரி சூ’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண் பத்திரிகையாசிரியர், தன்னைப் போலவே எழுத வந்த மற்ற பெண்களைப் பார்த்து உரிமையோடு அடித்த கிண்டல் அது. ஆண் நாயகன் பத்துப் பேரைப் பந்தாடும்போது யாருக்கும் அந்தப் பெயர் ஞாபகம் வருவதில்லை.

சிவப்புச் சட்டைக்காரர்கள் ஏன் எப்போதும் சாகிறார்கள்?

முதல் தொடரில் கட்டளை அதிகாரிகளுக்கு மஞ்சள், அறிவியல் மற்றும் மருத்துவப் பிரிவுக்கு நீலம், இன்ஜினியரிங் மற்றும் பாதுகாப்புப் பிரிவுக்குச் சிவப்பு. கிரகத்தில் இறங்கும் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள்: கிர்க், ஸ்பாக், மெக்காய், கூடவே இதுவரை பார்த்திராத ஒரு சிவப்புச் சட்டைக் காவலர். ஆபத்து நிஜம் என்று காட்ட யாராவது செத்தாக வேண்டும். அடுத்த வாரமும் வேண்டிய மூவரைச் சாகடிக்க முடியாது. மிச்சம் யார்?

ரசிகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு டி-ஷர்ட் போட்டார்கள், கார்ட்டூன் வரைந்தார்கள். ஜான் ஸ்கால்ஸி 2012-ல் ஒரு முழு நாவலே எழுதினார். கப்பலில் தங்களைப் போன்றவர்கள் மட்டும் ஏன் வரிசையாகச் சாகிறார்கள் என்று கடைநிலை ஊழியர்களுக்கே சந்தேகம் வருகிற கதை. ‘ரெட்ஷர்ட்ஸ்’ என்ற அந்த நாவல் 2013-ல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது.

உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களும் உண்டு. தலைகளை எண்ணினால் சிவப்புச் சட்டைதான் அதிகம் சாகிறது. ஆனால் கப்பலில் சிவப்புச் சட்டைக்காரர்களே அதிகம். விகிதம் பார்த்தால் மஞ்சள் சட்டைக்குத்தான் ஆபத்து அதிகமாம். இந்தக் கணக்கால் ஜோக் கொஞ்சமும் அசையவில்லை. 1987-ல் வந்த தொடரில் நிறத்தை மாற்றி, கேப்டனுக்கே சிவப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

‘பீம் மீ அப், ஸ்காட்டி’ எந்த எபிசோடில் வரும்?

‘டிரான்ஸ்போர்ட்டரால் என்னை மேலே ஏற்று, ஸ்காட்டி’ என்று அர்த்தம். இதே சொற்களாக, இதே வரிசையில், பழைய தொடரில் எங்கும் வராது. கிட்டத்தட்ட வரும், வேறு மாதிரி வரும். கேலி செய்தவர்கள் வாயிலேயே உருண்டு திரண்ட வசனம் இது. ‘இது உயிர்தான், ஜிம், ஆனால் நமக்குத் தெரிந்த உயிர் இல்லை’ என்று ஸ்பாக் கிர்க்கிடம் (ஜிம் என்பது அவர்தான்) சொல்வதாகப் பலர் சொல்வார்கள். அதுவும் தொடரில் கிடையாது, ஒரு பாட்டிலிருந்து வந்தது.

பாட்டா? எந்தப் பாட்டு?

1987-ல் ‘தி ஃபர்ம்’ என்ற பிரிட்டிஷ் குழு போட்ட ‘ஸ்டார் ட்ரெக்கின்’. கப்பலில் ஒவ்வொருவரும் தன் ஒரே வசனத்தைச் சொல்ல, அடுத்தவர் சேர்ந்துகொள்ள, பாட்டு மேலும் மேலும் வேகமெடுத்துக் கத்தலில் முடியும். வீடியோவில் உருளைக்கிழங்குத் தலை வைத்த பொம்மைகள் நடித்தன. கேட்ட யாரும் ஒரு வாரம் ஓடும் என்றுகூட நம்பியிருக்க மாட்டார்கள். அந்த ஜூன் மாதம் பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது.

ரசிகர்களுக்குள்ளே பாடிக்கொள்ளும் மரபு அதற்கும் பழையது. அறிவியல் புனைகதை மாநாடுகளில் இரவு நிகழ்ச்சிகள் முடிந்தபின் ஒரு ஹோட்டல் அறையில் கிட்டாரோடு கூடிவிடுவார்கள். ஃபில்க் என்று அதற்குப் பெயர். லெஸ்லி ஃபிஷ் 1977-ல் பதிவு செய்த ‘பேன்ட் ஃப்ரம் ஆர்கோ’ அங்கே பிறந்த கொண்டாட்டம். விடுப்பில் ஒரு கிரகத்தில் இறங்கிய கப்பல் ஊழியர்கள் அடிக்கும் கூத்தால் மொத்தக் கப்பலுக்கும் அந்தக் கிரகத்தில் தடை விழுகிறது. ஒவ்வொரு சரணமும் ஓர் அதிகாரியின் மானத்தை வாங்கும். கொஞ்சம் பச்சையான பாட்டு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

ரசிகர்கள் முழுநீளப் படமே எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள், அதுவும் ஃபின்லாந்தில். தாம்பரே நகரத்து இளைஞர் சமுலி டோர்சோனென் 1992-ல் தன் கணினியில் சின்னச் சின்ன அனிமேஷனாக ஆரம்பித்தது ‘ஸ்டார் ரெக்’. கேப்டன் கிர்க்குக்குப் பதில் கேப்டன் பிர்க். அகங்காரம் பிடித்த குடிகாரர், அறிவும் கொஞ்சம் மட்டு. வரிசையாகச் சில பாகங்கள் வந்தன. அப்புறம் நண்பர்கள் சேர்ந்து ஏழு வருடம் உழைத்து 2005 ஆகஸ்டில் ‘இன் தி பிர்க்கினிங்’ என்ற பெரும் பாகத்தை முடித்தார்கள். ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். இயக்குநர் டிமோ வூரென்சோலா. பெரும்பகுதி ஒரு சின்ன ஃபிளாட்டில் நீலத் திரைக்கு முன்னால் எடுத்தது. பின்னால் தெரியும் கப்பல் முழுவதும் கணினி வேலை.

பிர்க் 21-ஆம் நூற்றாண்டுப் பூமியில் மாட்டிக்கொண்டு, உலகத்தையே பிடித்துச் சக்கரவர்த்தியாகிறார். அது போரடித்துப்போய், விண்வெளியில் ஒரு புழுத்துளை வழியாக வேறு பிரபஞ்சத்துக்குப் படையெடுக்கிறார். அங்கே இருப்பது ‘பாபிலோன் 5’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரின் நகல். இரண்டு தொடர் ரசிகர்களும் காலங்காலமாகச் சண்டை போட்ட விஷயம், எங்கள் கப்பல் பெரிதா உங்கள் கப்பல் பெரிதா என்பது. அதற்குப் படத்தில் இருபது நிமிடத்துக்கு நிஜமாகவே விண்போர் நடக்கிறது. கிராஃபிக்ஸ் அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தரத்துக்கு மோசமில்லை. பேச்சு முழுக்க ஃபின்னிஷ், வசனத்தைக் கீழே படித்துக்கொள்ளலாம். நடிப்பு அங்கங்கே தடுமாறும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது.

படத்தை இணையத்தில் இலவசமாக விட்டார்கள். லட்சக்கணக்கானோர் இறக்கிப் பார்த்தார்கள். அதே குழு அடுத்து எடுத்த ‘அயர்ன் ஸ்கை’ 2012-ல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. நிலாவில் ஒளிந்திருக்கும் நாஜிகள் பற்றிய நகைச்சுவைப் படம். அதற்கான செலவில் ஒரு பகுதியை ரசிகர்களே திரட்டிக் கொடுத்தார்கள்.

இப்படியெல்லாம் செய்தால் வழக்கு வராதா?

வரலாம். எதன் பேரில், யாரிடமிருந்து என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

அமெரிக்காவில் பகடிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ‘ஓ, ப்ரிட்டி வுமன்’ பாட்டை ஒரு ராப் குழு கிண்டலடித்துப் பாடிய வழக்கில், பகடியும் நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி வாங்காமலே எடுத்தாளக்கூடியது, ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் எதை எடுக்கிறோமோ அதைப் பற்றியே கேலி ஏதாவது சொல்ல வேண்டும். சும்மா எடுத்துப் பயன்படுத்திக்கொண்டு ‘தமாஷுக்கு’ என்றால் செல்லாது.

இதில் மாட்டியவர் டேவிட் ஜெரால்ட். 1967-ல் ‘தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்’ என்ற புகழ்பெற்ற நகைச்சுவை எபிசோடை எழுதியவர் அவரேதான். ஓவியர் டை டெம்பிள்டனோடு சேர்ந்து, அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸின் புத்தக நடையிலும் படப் பாணியிலும் எண்டர்பிரைஸ் குழுவை வைத்து ஒரு புத்தகம் தயாரித்தார். வழக்குப் போட்டது ஸ்டார் ட்ரெக் தரப்பு இல்லை, சூஸ் தரப்பு. கீழ் நீதிமன்றத்தில் ஜெரால்ட் தரப்பு ஜெயித்தது. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டில் தோற்றது. சூஸின் புத்தகத்தை இது கேலி செய்யவில்லை, அதன் உடையை மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

ஸ்டார் ட்ரெக் தரப்பே கோர்ட்டுக்குப் போனது ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படத்துக்காக. அது பகடியே இல்லை, சீரியஸான படம். ரசிகர்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டியிருந்தார்கள். 2015 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக் உரிமை வைத்திருந்த பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசம் ஆனது. நடுவில், 2016 ஜூனில், எல்லா ரசிகர் படங்களுக்குமாக ஒரு விதிப்பட்டியல் வெளியிட்டார்கள். ஒரு பாகம் 15 நிமிடம், மொத்தமாக 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தலைப்பில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற பெயர் வரக் கூடாது. 50,000 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது. யாருக்கும் சம்பளம் கிடையாது. சீருடை கடையில் கிடைக்கிறதென்றால் அதிகாரப்பூர்வமானதையே வாங்கிப் போட வேண்டும். கடைசி விதியைப் படித்ததும் எனக்கு அதுவே ஒரு பகடி மாதிரிதான் இருந்தது.

இந்தியாவில்? 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், செய்தி என்று விலக்குகளைச் சொல்கிறது. பகடி என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் ஒரு மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய வழக்கில், மூலத்தை விமர்சிக்கவே அதன் பகுதிகளை எடுத்தாண்டது தவறில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 1996-ல் சொல்லியிருக்கிறது.

நடிகர்களுக்குக் கோபம் வராதா?

ஆளைப் பொறுத்தது, காலத்தையும் பொறுத்தது. 1986 டிசம்பரில் வில்லியம் ஷாட்னர், அதாவது கிர்க்காக நடித்தவரே, ‘சாட்டர்டே நைட் லைவ்’ மேடையில் ஏறினார். ரசிகர் மாநாடு நடப்பது போன்ற ஒரு காட்சி. அற்பக் கேள்விகளைக் கேட்டுத் துளைக்கும் ரசிகர்களைப் பார்த்து, ‘போய் வாழ்க்கையைப் பாருங்கள்’ என்று கத்தினார். நிறையப் பேர் சிரித்தார்கள், நிறையப் பேருக்கு மனசு வலித்தது. கேலி தொடரைத் தாண்டி, அதை நேசிப்பவர்கள் மேல் விழுந்துவிட்டதே காரணம். பின்னாளில் அவர் அதே வாசகத்தைத் தலைப்பாக வைத்து ரசிகர்களைப் பற்றிக் கனிவோடு ஒரு புத்தகமும் எழுதினார். 2013-ல் ஒரு வீடியோ கேம் விளம்பரத்துக்காக, 1967-ல் வந்த எபிசோடில் பாறைகளுக்கு நடுவே கட்டிப்புரண்ட அதே பல்லி மனிதனோடு வீட்டு ஹாலில் மறுபடி சண்டை போட்டார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

இந்த விஷயத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்தியது 1999-ல் வந்த ‘கேலக்ஸி குவெஸ்ட்’. ரசிகர்கள் எடுத்தது இல்லை, ஹாலிவுட் படம்தான். பழைய விண்வெளித் தொடர் ஒன்றில் நடித்துவிட்டு மார்க்கெட் இல்லாமல் இருப்பவர்களை நிஜ வேற்றுக்கிரகவாசிகள் வந்து உதவிக்கு அழைத்துப் போகிறார்கள். நடிகர்கள், ரசிகர்கள், தொடர் மூன்றையும் கேலி செய்யும் படம், கடைசியில் கப்பலைக் காப்பாற்றும் பொறுப்பை ரசிகர்கள் கையில் கொடுக்கிறது. 2013-ல் லாஸ் வேகாஸ் ஸ்டார் ட்ரெக் மாநாட்டில் சிறந்த ஸ்டார் ட்ரெக் படங்களை ரசிகர்கள் வரிசைப்படுத்தியபோது, ஸ்டார் ட்ரெக்கே இல்லாத இந்தப் படத்துக்கு ஏழாவது இடம் கொடுத்தார்கள்.

பிக்கார்டு தலையில் அடித்துக்கொள்ளும் படம் எங்கும் வருகிறதே?

1990-ல் ஒளிபரப்பான ‘டெஜா கியூ’ எபிசோடில் ஒரு நொடி வந்துபோவது அது. கேப்டன் உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொள்கிறார். இன்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டார்.

அதைவிட நுட்பமான ஜோக் அவர் சட்டையை இழுத்துவிடுவது. முதல் இரண்டு சீசனில் உடம்பைப் பிடிக்கும் ஒற்றைத்துணி உடை. நடிகர்கள் முதுகுவலி என்று முறையிட, மூன்றாவது சீசனில் தனித்தனி மேல்சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். உட்கார்ந்து எழுந்தால் மேல்சட்டை மேலே ஏறிக்கொள்ளும். பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் ஒவ்வொரு முறையும் எழுந்து இரண்டு கையாலும் கீழே இழுப்பார். தொடரின் கதையில் ‘பிக்கார்டு மனூவர்’ என்று ஒரு போர்த் தந்திரம் உண்டு. ரசிகர்கள் அந்தப் பெயரைத் தூக்கி இந்தச் சட்டை இழுப்புக்கு வைத்துவிட்டார்கள். துணை கேப்டன் ரைக்கர் நாற்காலியின் முதுகுக்கு மேலாகக் காலைத் தூக்கிப்போட்டு உட்காரும் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களும் இருக்கின்றன. ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கதையைக் கவனிக்க முடியாது. அவர் உட்காரப்போகிறாரா என்றே கண் போகும்.

பகடி எழுதிய ரசிகர் யாராவது தொடருக்குள்ளேயே நுழைந்திருக்கிறாரா?

மைக் மெக்மஹான். நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஏழு சீசனோடு 1994-ல் முடிந்துவிட்டது. இவர் 2011-ல் ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கி, இல்லாத எட்டாவது சீசனின் கதைச்சுருக்கங்களை எழுத ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. முதல் வரியில் பிரபஞ்சமே அழியப்போகும் நெருக்கடி. அடுத்த வரியில் கப்பலின் இன்னொரு மூலையில் யாரோ ஒருவரின் சில்லறைத் தொந்தரவு. தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிஜ எபிசோடுகளும் இதே எலும்புக்கூட்டில்தான் நிற்கும். மேலே ஒரு பெரிய கதை, கீழே ஒரு குட்டிக் கதை. மெக்மஹான் அந்த எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சதையை மட்டும் கொஞ்சம் கோணலாகப் பூசினார். படிக்கும்போது பாதி நேரம், இது நிஜமாகவே வந்த எபிசோடோ என்று சந்தேகம் வரும்.

2015-ல் அது அதிகாரப்பூர்வப் புத்தகமானது. 2020-ல் ‘லோயர் டெக்ஸ்’ என்ற அனிமேஷன் தொடரை உருவாக்கும் வேலையே அவரிடம் வந்தது. கேப்டன்களை ஓரமாக வைத்துவிட்டு, கப்பலின் கீழ்த்தளத்தில் குழாய் சுத்தம் செய்யும் இளநிலை அதிகாரிகளைப் பற்றிய கதை. ஐந்து சீசன் ஓடி 2024-ல் முடிந்தது. சட்டை இழுப்பு முதல் நாற்காலித் தாண்டல் வரை, அரை நூற்றாண்டாக ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்தவற்றில் பாதி அதற்குள் வந்திருக்கிறது.

கிளிங்கான் மொழியில் ஷேக்ஸ்பியர் என்பது நிஜமா, புருடாவா?

நிஜம். கிளிங்கான்கள் தொடரில் வரும் முரட்டுப் போர்வீர இனம். அவர்களுக்கு மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு ஒரு மொழியே உருவாக்கி, 1985-ல் அகராதியும் போட்டார். 1991-ல் வந்த படத்தில் ஒரு கிளிங்கான் தலைவர், ஷேக்ஸ்பியரை மூலமான கிளிங்கானில் படித்தால்தான் அருமை தெரியும் என்பார். ஒரு வரி ஜோக். கிளிங்கான் மொழிக் கழகத்தைச் சேர்ந்த ரசிகர்கள் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, ஹாம்லெட்டை முழுதாக மொழிபெயர்த்து 1996-ல் வெளியிட்டார்கள். முன்னுரையில், ஷேக்ஸ்பியர் கிளிங்கான் கவிஞர், ஆங்கிலப் பிரதிதான் மட்டமான மொழிபெயர்ப்பு என்று பண்டிதத் தோரணையில் வாதம் வேறு. எங்குமே கண்ணடிப்பு கிடையாது. இத்தனை உழைப்பை ஒரே ஒரு ஜோக்கில் கொட்டியதுதான் இதில் என்னை வீழ்த்தியது.

எது நல்ல பகடி, எது சலிப்பூட்டும் பகடி?

காதை ஒட்டிக்கொண்டு வந்து ‘தர்க்கப்படி’ என்று பத்து முறை சொல்வது, ஷாட்னர் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசுவது, ரசிகர் என்றாலே அம்மா வீட்டு மாடியில் ஒளிந்து கிடப்பவர் என்று காட்டுவது: இவையெல்லாம் தொடரைப் பார்க்காமலேயே செய்யலாம். அதனால்தான் சலிக்கிறது. லொள்ளு சபா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூலப் படத்தை நாலு தடவை பார்த்தவருக்குத்தான் அந்தச் சிரிப்பு முழுசாகக் கிடைக்கும், எழுதியவரும் அத்தனை தடவை பார்த்திருப்பார். பாலா ஸ்மித்தின் பதினைந்தரை வயதும் மெக்மஹானின் இரண்டாவது வரியும் அப்படி வந்தவை.

சில சமயம் எதையுமே மாற்றாமல் விடுவதும் வேலை செய்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு நாடகக் குழு 2009 முதல் 2013 வரை கோடைதோறும் ஒரு பழைய எபிசோடைப் பூங்காவில் இலவசமாக நடித்துக் காட்டியது. வசனம் அப்படியே, சண்டைக்காட்சி அப்படியே. கிண்டல் என்று எதையும் கூட்டவில்லை. ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்து வேண்டிய இடத்தில் தாங்களே சிரித்துக்கொண்டார்கள், வேண்டிய இடத்தில் அமைதியானார்கள்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

முதலில் கொஞ்சம் மூலம். ‘அரீனா’ பாருங்கள், பல்லி மனிதன் சண்டை அதில்தான். அப்புறம் ‘தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்’. இது தொடர் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்ட எபிசோடு. நெக்ஸ்ட் ஜெனரேஷனில் மூன்றாவது சீசனிலிருந்து நாலைந்து போதும். அதற்குப் பிறகு மேரி சூ கதையைப் படியுங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. பிறகு கேலக்ஸி குவெஸ்ட், அதன்பின் லோயர் டெக்ஸ். லோயர் டெக்ஸை முதலிலேயே பார்த்தாலும் சிரிப்பு வரும், ஆனால் பாதி ஜோக் தலைக்கு மேல் போய்விடும். பிர்க் கடைசியில் வரட்டும், பாபிலோன் 5-ம் ஓரளவு தெரிந்தால் இன்னும் நல்லது.

1968-ல் வந்த ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ எபிசோடை எங்கே வைப்பது என்று சிலர் கேட்பார்கள். அதில் ஒரு வேற்றுக்கிரகப் பெண் ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள். மூளையில்லாத ஸ்பாக்கை மெக்காய் ரிமோட்டால் நடக்க வைத்துக் கூட்டிப்போகிறார். கடைசி அறுவைச் சிகிச்சையில் எந்த நரம்பை எங்கே ஒட்டுவது என்று ஸ்பாக்கே படுத்தபடி வழி சொல்கிறார். எல்லோரும் முழு சீரியஸாக நடித்திருக்கிறார்கள். அதை நண்பர்களோடு சேர்ந்து பாருங்கள், தனியாக வேண்டாம்.